அக்கிலீஸ்: மூன்று கடற்படைகள் பார்த்த ஒரு இலகு குரூசரின் கதை

அக்கிலீஸ் என்ற பிரிட்டிஷ் இலகு குரூசரை, அதாவது நடுத்தர அளவுள்ள வேகமான ஒரு போர்க்கப்பலை, வைத்து யார் எழுதினாலும் 1939 டிசம்பர் 13 காலையில் தொடங்கி, ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே கப்பலோடு ரிவர் பிளேட்டில் நடந்த 82 நிமிஷம் சண்டையைச் சொல்லி, அதோடு முடித்துவிடுகிறார்கள். அந்தச் சண்டையை நானும் எழுதத்தான் போகிறேன், அதை விட மனசு வராது. ஆனால் இந்தக் கப்பல் 1933-இல் பணிக்கு வந்து 1978-இல்தான் ஓய்வு பெற்றது. அந்த 45 வருஷத்தில் முதலில் பிரிட்டிஷ் கடற்படை, அப்புறம் நியூசிலாந்து, அப்புறம் 30 வருஷம் நம் இந்தியக் கடற்படை. நம்மிடம் வந்தபோது பெயர் டெல்லி. அதாவது அதன் வாழ்க்கையில் மூன்றில் இரண்டு பங்கு பம்பாயை வீடாகக் கொண்டு ஓடிய காலம். அதைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. உலகப் புகழ் பெற்ற அந்தச் சண்டையில் அக்கிலீஸில் இறந்தவர்கள் 4 பேர். 1943 ஜனவரியில் ஒரே ஒரு ஜப்பானியக் குண்டு விழுந்து இறந்தவர்கள் 13 பேர். அதே வருஷம் ஜூனில், போர்ட்ஸ்மத்தில் பழுது பார்க்க நின்றபோது, எதிரி யாரும் பக்கத்திலேயே இல்லாத நேரத்தில், வெடித்து இறந்தவர்கள் 14 பேர். புகழும் இழப்பும் இந்தக் கப்பலில் ஒரே இடத்தில் விழவில்லை.

பதிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: சுட்ட குண்டு எங்கே விழுந்தது என்பதை யார் பார்க்கிறார், பார்த்தவர் யாரிடம் சொல்கிறார்? 1939-இல் அதுதான் பிரச்சினை. 1961-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தியூவை மீட்டபோதும் அதேதான். கவசம், வேகம், பீரங்கி அளவு எல்லாம் அடுத்துத்தான்.

எதற்காகக் கட்டினார்கள்

பிரிட்டனுக்கு உலகம் முழுக்கக் கடல் வழி வணிகம். அதைக் காக்கக் குறைந்தது 70 குரூசர் வேண்டும் என்று கடற்படைத் தலைமை பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 1930 லண்டன் ஒப்பந்தம் குரூசர்களின் மொத்த டன்னுக்கே உச்சவரம்பு வைத்ததும் அது 50-க்கு இறங்கியது. டன் கணக்கு வரையறுக்கப்பட்டுவிட்டால், பெரிய கப்பல் நாலு கட்டுவதா சிறியது ஆறு கட்டுவதா என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனையில் வந்தது லியாண்டர் வகை. லியாண்டர், ஒரையன், நெப்டியூன், ஏஜாக்ஸ், அக்கிலீஸ் என்று ஐந்து கப்பல்கள்.

அக்கிலீஸ் பர்க்கன்ஹெட்டில் கேமல் லேர்ட் தளத்தில் உருவானது. 1931-இல் அடித்தளம் போட்டு, 1932 செப்டம்பர் 1-இல் நீரில் இறக்கி, 1933 அக்டோபரில் பணிக்கு அனுப்பினார்கள். எடை சுமார் 7,000 டன், நீளம் சுமார் 169 மீட்டர், வேகம் மணிக்கு 32 கடல் மைலுக்கு மேல். 6 அங்குலப் பீரங்கிகள் எட்டு, இரண்டிரண்டாக நாலு சுழல் மேடைகளில். முன்னால் ஏ, பி; பின்னால் எக்ஸ், ஒய். இயந்திர அறையைச் சுற்றி ஓரளவு நல்ல கவசம் உண்டு. ஆனால் பீரங்கி மேடைகளின் தகடு ஒரே அங்குலம். அது சில்லுகளைத் தடுக்கும், நேராக வந்து விழும் குண்டைத் தடுக்காது. இந்த ஒரு அங்குலம் பின்னால் மறுபடி வரும்.

1936-இல் கப்பலை நியூசிலாந்துப் பிரிவுக்குக் கொடுத்தார்கள். அப்போது நியூசிலாந்துக்குத் தனிக் கடற்படை கிடையாது, பிரிட்டிஷ் கடற்படையின் ஒரு கிளைதான். 1939-க்குள் கப்பலில் இருந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் நியூசிலாந்துக்காரர்கள். போர் மூளும் என்ற நிலை வந்ததும், 1939 ஆகஸ்ட் 29-இல் ஆக்லாந்தை விட்டுக் கிளம்பி தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனது. போர் அறிவிப்பு வந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது.

சண்டைக்கு முன்

கிராஃப் ஸ்பே என்ற ஜெர்மன் கப்பல் அப்போது தென் அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. மொத்தம் ஒன்பது கப்பல், 50,000 டன் சொச்சம். அதில் ஒரு மாலுமிகூட உயிரிழக்கவில்லை, கேப்டன் ஹான்ஸ் லாங்ஸ்டோர்ஃப் அந்த விஷயத்தில் கறாரான ஆள். பத்திரிகைகள் இதைப் பாக்கெட் பேட்டில்ஷிப் என்று அழைத்தன. 11 அங்குலப் பீரங்கிகள் ஆறு. ஒவ்வொரு குண்டும் சுமார் 300 கிலோ. அக்கிலீஸின் குண்டு சுமார் 50 கிலோ. கணக்கு அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் பிரிவுக்குத் தலைமை கொமடோர் ஹென்றி ஹார்வுட். டிசம்பர் 2-இல் டோரிக் ஸ்டார் என்ற கப்பல் மூழ்குவதற்கு முன் தன்னைத் தாக்குகிறார்கள் என்று வானொலியில் சொல்லிவிட்டது. ஹார்வுட் வரைபடத்தை வைத்துக்கொண்டு, வேகத்தையும் தூரத்தையும் பெருக்கி, எதிரி ரிவர் பிளேட் முகத்துவாரத்துக்கு 13-ஆம் தேதி காலை வரலாம் என்று கணித்தார். உருகுவேக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவில் இருக்கும் அந்த வாய் வழியாகத்தான் தானியமும் இறைச்சியும் பிரிட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. 12-ஆம் தேதி ஏஜாக்ஸ், அக்கிலீஸ், எக்ஸெட்டர் மூன்றையும் அங்கே ஒன்று சேர்த்தார். நாலாவதான கம்பர்லாண்ட், பழுது பார்க்க ஃபாக்லாந்து தீவுகளில் நின்றது. எதிரியைப் பார்த்தால் இரவானாலும் பகலானாலும் உடனே தாக்குவது, இரண்டு பக்கமாகப் பிரிந்து தாக்குவது என்று திட்டம் முன்னாலேயே எழுதிக் கொடுத்திருந்தார், மாலையில் அதை ஒத்திகையும் பார்த்தார்கள். மறுநாள் காலை 6:14-க்கு அடிவானத்தில் புகை தெரிந்தது.

இதில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மூவாயிரம் மைல் அகலக் கடலில் ஒரு முகத்துவாரத்தைத் தேர்ந்தெடுத்து, நாளையும் சரியாகச் சொன்ன மனிதருக்கு வெறும் அதிர்ஷ்டசாலி என்று பெயர் வைப்பது நியாயம் இல்லை.

82 நிமிஷம்

லாங்ஸ்டோர்ஃப் முதலில் எக்ஸெட்டரை அடையாளம் கண்டார். மற்ற இரண்டையும் டெஸ்ட்ராயர் என்ற சிறிய போர்க்கப்பல்கள் என்று நினைத்துக்கொண்டார். வணிகக் கப்பல் கூட்டத்துக்குப் பாதுகாப்பாக வருகிறார்கள் போல என்று நெருங்கினார். அதுதான் அவர் செய்த முதல் தவறு. தூரத்திலேயே நின்று 11 அங்குலப் பீரங்கிகளால் அடித்திருந்தால் இந்த மூன்று கப்பலாலும் ரொம்ப நேரம் பதில் சொல்லியிருக்க முடியாது.

6:18 வாக்கில் கிராஃப் ஸ்பே சுடத் தொடங்கியது. எக்ஸெட்டர் 6:20-க்கும், அக்கிலீஸ் 6:21-க்கும், ஏஜாக்ஸ் 6:23-க்கும் பதிலுக்குச் சுட்டன. ஜெர்மன் பக்கம் பெரும்பாலும் எக்ஸெட்டர் மேலேயே கவனம். அதன் பீரங்கி மேடைகள் ஒவ்வொன்றாகச் சிதைந்தன, 61 பேர் இறந்தார்கள், கடைசியில் சுட முடியாத நிலையில் ஃபாக்லாந்து பக்கம் தள்ளாடிப் போனது. அக்கிலீஸ் மீது சண்டைக் கொடிகளோடு நியூசிலாந்துக் கொடியும் ஏறியது. ஒரு கடற்போரில் அந்தக் கொடி பறந்தது அதுவே முதல் தடவை. ஆக்லாந்தில் இந்தக் கப்பலைச் சொந்தப் பிள்ளையாகப் பார்ப்பதற்கு அந்தக் கொடிதான் பாதிக் காரணம்.

6:40-க்கு ஒரு 11 அங்குலக் குண்டு அக்கிலீஸுக்குச் சற்று முன்னால் தண்ணீரில் விழுந்து வெடித்தது. கப்பலில் படவில்லை. ஆனால் சில்லுகள் பாலத்தின் (கேப்டன் நின்று கப்பலை நடத்தும் உயரமான மேடை) மேல் பறந்தன. கேப்டன் எட்வர்ட் பாரிக்குக் காலில் காயம். பாலத்துக்கு மேலே, பீரங்கிகளுக்குத் தூரமும் திசையும் கணித்துச் சொல்லும் உச்சி அறை ஒன்று உண்டு. அதன் மெல்லிய தகட்டை ஆறு சில்லுகள் துளைத்து உள்ளே போயின. கப்பலின் நாலு மரணமும் இங்கேதான். பீரங்கி அதிகாரி ரிச்சர்ட் வாஷ்போர்னுக்குத் தலையில் அடி.

இந்த அறையில் அடுத்த ஒரு மணி நேரம் நடந்ததை பாரி தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். ட்ரிம்பிள் என்ற மரைன் சார்ஜென்ட், மோசமாக அடிபட்டும் ஒரு வார்த்தை முனகாமல் சண்டை முடியும்வரை வேலையைப் பார்த்தார். டோர்செட் என்ற இளம் மாலுமி, சுற்றிலும் செத்துக் கிடப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பீரங்கிகளுக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் இறந்துவிட்டதாகக் கப்பல் முழுக்க ஒரு வதந்தி பரவ, அதைத் தொலைபேசியில் அவரே கடுமையாக மறுத்துக்கொண்டிருந்தாராம். அறிக்கை மொழியில் எழுதப்பட்ட வரிதான், படித்தால் சிரிப்பு வருகிறது, உடனே அடங்கியும் போகிறது.

குறி தவறிய இருபது நிமிஷம்

இனிதான் எனக்கு முக்கியமான பகுதி, பெரும்பாலான கதைகளில் இது இரண்டு வரியில் போய்விடும்.

ஏஜாக்ஸும் அக்கிலீஸும் அதுவரை ஒரே கப்பல் மாதிரி சுட்டுக்கொண்டிருந்தன. ஒரு கப்பலில் கணித்த கணக்கை வானொலி மூலம் இன்னொன்றுக்கு அனுப்பி, பதினாறு பீரங்கிகளையும் ஒரே கையில் வைத்துச் சுடும் முறை அது. ஏன் இது தேவை என்றால், இரண்டு கப்பல் தனித்தனியாக ஒரே இலக்கைச் சுட்டால், தண்ணீரில் எழும் வெள்ளைத் தூண்களில் எது யாருடையது என்று தெரியாது. தெரியாவிட்டால் திருத்த முடியாது. கடல் பீரங்கிச் சண்டையே திருத்தும் வேலைதான். முதல் குண்டில் யாரும் அடிப்பதில்லை, விழுந்த இடத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துத்தான் இலக்கை நெருங்குவார்கள்.

அந்தச் சில்லுகள் அக்கிலீஸின் வானொலி இணைப்பை அறுத்துவிட்டன. அக்கிலீஸ் வேறு வழியில்லாமல் தனியாகச் சுடத் தொடங்கியது. இது ஏஜாக்ஸுக்குத் தெரியாது.

இதே நேரத்தில் ஏஜாக்ஸ் தன் சீஃபாக்ஸ் விமானத்தை மேலே ஏவியிருந்தது. தன் பீரங்கிகளின் அதிர்வுக்கு நடுவிலேயே, 6:37-க்கு. துணிச்சலான காரியம். மேலிருந்து பார்த்தவர்கள் குண்டுகள் எதிரியை எட்டாமல் முன்னாலேயே விழுகின்றன என்று தகவல் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது அக்கிலீஸின் குண்டுகளை. கேட்டுக்கொண்டது ஏஜாக்ஸ். பக்கத்து வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நம் வீட்டுச் சிலிண்டரைக் கழற்றுகிற கதைதான். சரியாக விழுந்துகொண்டிருந்த குண்டுகளை ஏஜாக்ஸ் தூரம் கூட்டி எதிரிக்கு அப்பால் அனுப்பியது. முன்னால் விழுந்துகொண்டிருந்த அக்கிலீஸுக்கோ திருத்தம் போகவே இல்லை. சுமார் 6:46 முதல் 7:08 வரை இரண்டு கப்பலும் வேகமாக, ஒழுங்காக, தைரியமாகச் சுட்டன. பெரிய பலன் இல்லை.

யார் மேல் பழி போடுவது? பார்த்தவர் சரியாகத்தான் பார்த்தார். கணக்குப் போட்டவர் வந்த தகவலுக்குச் சரியாகத்தான் கணக்குப் போட்டார். பீரங்கியில் நின்றவர்கள் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தார்கள். இடையில் ஒரு இணைப்பு அறுந்தது, அறுந்தது என்பதைச் சொல்லவும் அதே இணைப்புதான் வேண்டியிருந்தது. கொடியிலோ விளக்கிலோ சொல்லியிருக்கலாமே என்று இன்று நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது சுலபம். பாலத்தில் கேப்டனுக்கே காயம், குறி சொல்லும் அறையில் பிணங்கள். அந்த நிமிஷத்தில் ஏஜாக்ஸ் நம்மை இன்னும் தன் கணக்கில் வைத்திருக்கிறதா என்று யாருக்குத் தோன்றும்?

சண்டை முழுவதிலும் அக்கிலீஸ் சுட்டது 1,200 குண்டுகளுக்கு மேல். ஏஜாக்ஸையும் சேர்த்தால் 2,000-ஐத் தாண்டும். கிராஃப் ஸ்பேயில் பட்ட 6 அங்குலக் குண்டுகள் இருபதுக்குள்தான். நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தக் காலத்துக் கடற்போரில் இது வெட்கப்படும் எண்ணிக்கை இல்லை, ஆனால் அந்த இருபது நிமிஷம் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

7:25-க்கு ஒரு குண்டு ஏஜாக்ஸின் பின்பக்க மேடைகள் இரண்டையும் முடக்கியது. தூரம் சுமார் 8,000 கஜமாகச் சுருங்கியிருந்தது. அப்போது ஏஜாக்ஸில் 20 சதவீதக் குண்டுதான் மிச்சம் என்று ஹார்வுட்டுக்குத் தகவல் வந்தது. இரவு வரை தள்ளிப்போடலாம் என்று 7:40-க்குப் புகை விட்டு விலகினார். பின்னால்தான் தெரிந்தது, அந்த 20 சதவீதம் ஒரே ஒரு மேடையின் கணக்கு, முழுக் கப்பலுடையது இல்லை. பாருங்கள், மறுபடி தகவல் பிரச்சினைதான். இந்தத் தடவை அது அவருக்கு நல்லதே செய்தது என்று நினைக்கிறேன், அந்தத் தூரத்தில் இன்னும் அரை மணி நேரம் நின்றிருந்தால் இரண்டில் ஒன்று போயிருக்கும்.

பகல் முழுக்க இரண்டு கப்பலும் கிராஃப் ஸ்பேயை ஒட்டியே பின்தொடர்ந்தன. நடுவில் அக்கிலீஸ் கொஞ்சம் அதிகமாக நெருங்கி ஒரு சரமாரியை வாங்கப் பார்த்து, திரும்பி ஓடியது. மாலையில் உருகுவே கரையை ஒட்டி விடாமல் துரத்தியதும் அக்கிலீஸ்தான். நள்ளிரவு வாக்கில் ஜெர்மன் கப்பல் உருகுவேயின் மான்டெவிடியோ துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. அதில் 36 பேர் இறந்திருந்தார்கள். எக்ஸெட்டரின் ஒரு 8 அங்குலக் குண்டு எரிபொருளைச் சுத்தப்படுத்தும் அமைப்பை உடைத்திருந்தது. சமையலறையும் போயிருந்தது. ஜெர்மனி வரை போய்ச் சேருவது கஷ்டம். வெளியே பெரிய பிரிட்டிஷ் கப்பல்கள் வந்துவிட்டன என்று பொய்ச் செய்திகள் பரப்பப்பட்டன. உண்மையில் வந்து சேர்ந்தது கம்பர்லாண்ட் மட்டும். டிசம்பர் 17 மாலை, கரையில் கூட்டம் கூடி நிற்க, லாங்ஸ்டோர்ஃப் கப்பலை வெளியே கொண்டுபோய்த் தானே வெடிவைத்து மூழ்கடித்தார். இரண்டு மூன்று நாளில் புவெனஸ் அயர்ஸில் தற்கொலை செய்துகொண்டார்.

1940 பிப்ரவரி 23-இல் அக்கிலீஸ் ஆக்லாந்து திரும்பியபோது குவீன் ஸ்ட்ரீட்டில் நிற்க இடமில்லாத கூட்டம்.

பசிபிக்கில்

அதற்கப்புறம் துருப்புக் கப்பல்களுக்குத் துணைபோவது, ரோந்து, மறுபடி துணை. போர்க்கப்பல் வாழ்க்கையில் பெரும்பகுதி இதுதான், எழுத ஒன்றும் இருக்காது. 1941 அக்டோபர் 1-இல் ராயல் நியூசிலாந்துக் கடற்படை தனியாக உருவானதும் கப்பலின் பெயருக்கு முன்னால் இருந்த எழுத்துகள் மாறின. அதே டிசம்பரில் உடன்பிறப்பான நெப்டியூன் திரிபோலிக்கு வெளியே கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கியது. எழுநூறுக்கும் அதிகமானவர்களில் பிழைத்தது ஒரே ஒருவர். இறந்தவர்களில் நியூசிலாந்துக்காரர்களும் நிறைய.

1943 ஜனவரி 5, தென் பசிபிக்கில் குவாடல்கனால் தீவுக்கு அருகில். ஜப்பானியரின் முண்டா விமானத்தளத்தைத் தாக்கிவிட்டு வந்த அமெரிக்கக் கப்பல்களுடன் அக்கிலீஸும் நிற்கிறது. திடீரென்று நாலு ஜப்பானிய விமானங்கள் செங்குத்தாக இறங்கின. ஒரு குண்டு எக்ஸ் மேடையின் கூரையில் நேராக விழுந்தது. ஒரு அங்குலத் தகடு, சொன்னேன் இல்லையா. 13 பேர். இதே தாக்குதலில் பக்கத்தில் இருந்த ஹெலினா என்ற அமெரிக்கக் கப்பல், இலக்குக்கு அருகில் போனாலே தானாக வெடிக்கும் புதுவகைக் குண்டால் ஒரு விமானத்தை வீழ்த்தியது. அந்தக் குண்டு போரில் பயன்பட்ட முதல் தடவை அதுதான். சில நூறு மீட்டர் இடைவெளியில் ஒரு கப்பல் 1931-இன் சிக்கனத்துக்கு விலை கொடுத்தது, இன்னொன்று அடுத்த காலத்தின் ஆயுதத்தைச் சோதித்துப் பார்த்தது.

பழுது பார்க்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். எக்ஸ் மேடையையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைப்பது என்று முடிவு. போர்ட்ஸ்மத் தளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஜூன் 22-இல் கப்பலின் உள்ளே பெரிய வெடிப்பு, தளத் தொழிலாளர்கள் 14 பேர் பலி. சண்டை நினைவிடங்களில் இவர்கள் பெயர் வருவதில்லை. எண்ணெய்த் தொட்டிகள், மூடிய அறைகள், நெருப்பு வைத்து வேலை, போர்க்கால அவசரம் எல்லாம் ஒன்று சேரும் எந்தக் கப்பல் தளத்திலும் இந்த ஆபத்து உண்டு, இன்றும் உண்டு.

1944-இல் ஆறு பீரங்கியோடு மறுபடி கடலுக்கு வந்தது. 1945 ஜூனில் பிரிட்டிஷ் பசிபிக் படையோடு ட்ரக் தீவுகள் மேல் குண்டு வீசியது. அந்த நேரத்தில் ட்ரக் ஏற்கெனவே முடக்கப்பட்ட ஜப்பானியத் தளம், புதிதாக வந்த விமானந்தாங்கிக்குப் பழக்கம் கொடுக்கவே அந்த நடவடிக்கை என்று சொல்லலாம். போர் முடிந்து 1946-இல் கப்பல் பிரிட்டனிடம் திரும்பியது.

பம்பாய்க்கு

1948 ஜூலை 5-இல் கப்பல் இந்தியாவிடம் டெல்லியாக ஒப்படைக்கப்பட்டது. செப்டம்பரில் பம்பாய் வந்தது. சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் ஆன நாடு, பிரிவினையில் கப்பல்களும் பங்கு பிரிக்கப்பட்டு, கையில் இருந்ததெல்லாம் சின்னச் சின்னக் கப்பல்கள். அந்தக் கடற்படைக்கு 7,000 டன் குரூசர் என்பது ஒரே நாளில் பல படி ஏறியது மாதிரி. கொடிக்கப்பலாக, அதாவது கடற்படையின் தலைமைக் கப்பலாக, அதையே வைத்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கப்பல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தபோது இந்தியக் கடற்படையின் தலைவர் யார் தெரியுமா? அட்மிரல் எட்வர்ட் பாரி. 1939-இல் காலில் சில்லுகளோடு இதே பாலத்தில் நின்றவர். 1948 ஆகஸ்டில்தான் அந்தப் பதவிக்கு வந்திருந்தார், 1951 வரை இருந்தார். தன் பழைய கப்பலே தன் கொடிக்கப்பல். எந்த எழுத்தாளரும் கற்பனை செய்தால் மிகைப்படுத்தல் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதல் கேப்டனும் ஆங்கிலேயர்தான். ஆனால் அவருக்கு அடுத்த இடத்தில், கப்பலை அன்றாடம் நடத்தும் அதிகாரியாக இருந்தவர் ராம் தாஸ் கடாரி, செங்கல்பட்டில் பிறந்தவர். பத்து வருஷத்தில், 1958 ஏப்ரலில், கடற்படையின் முதல் இந்தியத் தலைவர் அவரே ஆனார். 1950-இல் டெல்லிக்கு முதல் இந்தியக் கேப்டனாக வந்த ஏ. கே. சட்டர்ஜி பின்னாளில் அட்மிரல் ஆனார். அந்தக் காலத்து அதிகாரிகள் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கப்பலில் கால் வைக்காதவர்கள் குறைவு. ஐநூறுக்கு மேற்பட்டவர்களை ஒரே கூரையின் கீழ் வைத்து நடத்துவது, பெரிய பீரங்கிகளைக் கட்டுப்படுத்துவது, கொதிகலன், டர்பைன், துறைமுக மரியாதைகள் எல்லாவற்றையும் இந்திய அதிகாரிகள் முதலில் இவ்வளவு பெரிய அளவில் கற்றது இங்கே. ரிவர் பிளேட்டைவிட இந்த வேலைதான் இந்தக் கப்பல் செய்த பெரிய காரியம் என்பது என் கட்சி. நியூசிலாந்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

1950 ஜூனில் நேரு இந்தோனேசியா போனது இதில்தான். 1953-இல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஹெட் கடற்பகுதியில் எலிசபெத் ராணியின் முடிசூட்டு அணிவகுப்புக்கும் போனது. 1956-இல் வெளிவந்த ரிவர் பிளேட் சண்டை பற்றிய பிரிட்டிஷ் படத்தில் அக்கிலீஸாக நடித்தது இந்த டெல்லியேதான், தன் வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டது. கிராஃப் ஸ்பேயாக ஒரு அமெரிக்கக் குரூசர் வந்து போனது. படத்தை உற்றுப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: 1939-இல் அக்கிலீஸுக்கு நாலு மேடை, படத்தில் மூன்றுதான். எக்ஸ் மேடை 1943-இல் போனது போனதுதான். 1957-இல் நைஜீரியா என்ற பழைய பிரிட்டிஷ் குரூசர் மைசூர் என்ற புதுப் பெயரில் வந்து சேர்ந்ததும் கொடிக்கப்பல் பதவி அதற்குப் போனது.

தியூ, 1961

டிசம்பர் 18, போர்ச்சுகீசியரிடமிருந்து கோவா, டாமன், தியூ மூன்றையும் மீட்கும் நடவடிக்கை. தியூவுக்கு அனுப்பப்பட்டது டெல்லி. கேப்டன் நீலகண்ட கிருஷ்ணன், தமிழர். பத்து வருஷம் கழித்து 1971 போரில் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கி, பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கியை ஏமாற்றி விசாகப்பட்டினம் பக்கம் வரவழைத்தவர் என்று பலருக்குத் தெரிந்த அதே கிருஷ்ணன்தான்.

விடிவதற்கு முன்பே வேகா என்ற போர்ச்சுகீசிய ரோந்துப் படகு டெல்லியைச் சந்தித்துத் துப்பாக்கிச் சூடு வாங்கி, பெரிய சேதம் இல்லாமல் துறைமுகத்துக்கு ஒதுங்கியது. காலையில் அது மறுபடி வெளியே வந்தபோது இந்திய விமானங்கள் அதை மூழ்கடித்தன, அதன் கமாண்டர் கடைசிவரை நின்று சண்டை போட்டு இறந்தார். 6 அங்குலப் பீரங்கிக்கு எதிரே ஒரு ரோந்துப் படகு என்ன செய்யும்? 1939 காலையில் பலம் எதிர்ப்பக்கம் இருந்தது, இப்போது நம் பக்கம்.

டெல்லி தியூக் கோட்டையைச் சுட்டது. இங்கே பழைய பிரச்சினை திரும்பி வந்தது. கப்பலின் குண்டுகளில் சில கடற்கரையில் பட்டுத் தெறித்து, முன்னேறிக்கொண்டிருந்த நம் ராணுவத்தினர் நடுவிலேயே வெடிப்பதாக விமானப்படைப் பக்கத்திலிருந்து தகவல் வந்ததாகப் பதிவு இருக்கிறது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குறைந்த தூரத்தில் சுட்டால் கடற்பீரங்கிக் குண்டு ஏறக்குறைய தட்டையாகப் போகும், மணலிலோ பாறையிலோ சாய்வாகப் பட்டால் தெறிக்கத்தான் செய்யும். அது பீரங்கியின் இயல்பு. ஆனால் கப்பலிலிருந்து பார்க்கிறவருக்குக் கோட்டையில் புகை எழுவது தெரியும், தெறித்த குண்டு எங்கே போனது என்று தெரியாது. மேலே விமானத்தில் இருப்பவருக்குத் தெரியும். தரையில் படுத்திருப்பவருக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். மூன்று பேரும் மூன்று படை, மூன்று வானொலி. 22 வருஷத்துக்கு முன் சீஃபாக்ஸ் சொன்னதை ஏஜாக்ஸ் தன் கணக்கில் எழுதிக்கொண்ட அதே இடைவெளிதான். அன்று தகவல் தவறான ஆளுக்குப் போனது, இன்று சரியான ஆளுக்குத் தாமதமாகப் போனது. இதற்காக டெல்லியின் பீரங்கிக்காரர்களைக் குறை சொல்வது, ரிவர் பிளேட்டில் வாஷ்போர்னைக் குறை சொல்வதற்குச் சமம். குறை இருந்தால் அது திட்டம் போட்டபோது யார் யாரோடு பேசுவது என்பதைத் தீர்மானித்த மேஜையில் இருக்கிறது.

கடைசி வருஷங்கள்

பின்னாளில் டெல்லி பெரும்பாலும் பயிற்சிக் கப்பல். 1969-இல் ஆக்லாந்துக்கு ஒருமுறை போய்வந்தது, பழைய அக்கிலீஸ் மாலுமிகள் தலை நரைத்துப்போய் வந்து பார்த்தார்கள். லியாண்டர் வகையின் மற்ற கப்பல்களில் நெப்டியூன் கடலுக்கடியில், மீதி மூன்றும் 1949 வாக்கிலேயே உடைக்கப்பட்டுவிட்டன. இது மட்டும் 1978 ஜூன் 30 வரை பணியில் இருந்தது, அப்புறம் பம்பாயில் உடைத்தார்கள். அருங்காட்சியகமாக வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 45 வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்த எஃகைப் பராமரிக்க ஆண்டுதோறும் என்ன செலவாகும் என்பதற்கு, பின்னாளில் விக்ராந்த் விமானந்தாங்கியை அருங்காட்சியகமாக வைத்துப் பார்த்துக் கடைசியில் 2014-இல் உடைத்த கதையே போதும்.

ஒய் மேடையை மட்டும் இந்தியா நியூசிலாந்துக்குப் பரிசாகக் கொடுத்தது. ஆக்லாந்தில் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தின் வாசலில் நிற்கிறது. 1939-இல் பின்பக்கம் இருந்த இரண்டு மேடைகளில் இதுதான் தப்பியது. ரிவர் பிளேட்டிலும் ட்ரக்கிலும் தியூவிலும் கப்பலோடு இருந்தது என்பதால், மூன்று கடற்படைகளிலும் பணி செய்த மேடை அது. அங்கே அதற்கு அக்கிலீஸ் மேடை என்றுதான் பெயர், டெல்லியாக ஓடிய 30 வருஷத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டியது நம் வேலை. பெயரை நாம் விடவில்லை: 1997-இல் மஸ்கான் தளத்தில் கட்டி முடித்துப் பணிக்கு வந்த நம் ஏவுகணை டெஸ்ட்ராயருக்கும் டெல்லி என்றே பெயர்.